பழுது பார்த்தலும் பழுது மறைத்தலும்

உடைந்ததையும் நைந்ததையும் சீர்செய்யும் தொழிலைத் தமிழில் 'பழுது பார்த்தல்' என்கிறோம். பார்த்தல் என்னும் சொல்லுக்கு இவ்விடத்தில் மேற்கொள்ளுதல் என்பதே பொருள் என்று மொழியறிந்தோர் கூறுவர். வேலை பார்த்தல், வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் ஆகியவற்றைச் சான்று காட்டுவர். அது சரியே. ஆயினும், கண்ணால் காணுதல் என்னும் முதற்பொருள் அச்சொல்லை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. பழுதை நேராகப் பாராதவன் பழுது பார்க்க இயலாது. பார்க்க விரும்பாதவன் செய்வதற்கு வேறொரு பெயர் உண்டு. அது பழுது மறைத்தல்.

இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை எங்கே அமைகிறது? சீர்செய்பவன் பழுதின் தடயத்தை எவ்வளவு மறைக்கலாம்? யாரிடமிருந்து மறைக்கலாம்? இவ்வினாக்களை ஆராய அரிய தத்துவ நூல்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. தில்லியிலிருந்து கர்னால் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், பழைய டிராக்டர் ஒன்றின் தகட்டு வேலை நடைபெறும் பட்டறை போதும். நம் ஊர்ப் பக்கம் இத்தொழிலை 'டிங்கரிங்' என்பர். வடபுலத்தில் 'டென்டிங்' என்பர். இரண்டும் ஆங்கிலத்திலிருந்து வந்தவையே. எனினும் ஒரு வழக்கு தட்டிச் சீர்செய்பவனின் பெயரால் தொழிலைச் சுட்டுகிறது. மற்றொன்று விழுந்த காயத்தின் பெயரால் சுட்டுகிறது. நம் பாட்டிமார், பித்தளைக் குடத்திற்கு 'ஒடுக்கு எடுத்தல்' என்று சொல்லியது இதே வேலையைத்தான்.

பழைய டிராக்டரும் அதன் மேற்போர்வையும்

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி பரீதாபாத்தில் 1959-இல் ஐஷர் நிறுவனத்தால் தொடங்கியது. 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிற்று. செக்கோஸ்லோவாகியாவின் கூட்டுறவோடு பிஞ்ஜோரில் 1971-இல் எச்.எம்.டி. டிராக்டரும், முற்றிலும் உள்நாட்டு வடிவமைப்பாகப் பஞ்சாபில் 1974-இல் சுவராஜும் வெளிவந்தன. அக்காலத்து வண்டிகளுள் சில இன்றும் ஊர்ப்புறங்களில் உழைக்கின்றன. ஆனால் அவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் இன்று இல்லை. எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. தாய்வீடு மூடப்பட்ட பின்னரும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஊறு நேர்ந்தால் பட்டறைக்காரனே கதி.

இத்தகைய டிராக்டரின் உடலமைப்பு கருதத் தக்கது. மோட்டார் காருக்கோ லாரிக்கோ உள்ளதுபோல் இதற்குத் தனியான சட்டம் பெரும்பாலும் இல்லை. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சுக்கூடு ஆகிய வார்ப்பிரும்புப் பகுதிகள் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. மேலேயுள்ள தகடுகள் இந்த முதுகெலும்பின்மீது போர்த்திய போர்வை போன்றவை. பானெட்டைக் கழற்றி வைத்துவிட்டும் உழலாம். அங்ஙனமாயின் தகடு நசுங்கினால் என்ன, துருப்பிடித்தால் என்ன என்று வினவத் தோன்றும்.

விடை, எந்தத் தகடு என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பானெட், மழையையும் தூசியையும் தடுத்து, ரேடியேட்டர் வழியே காற்றைச் செலுத்த உதவுகிறது. அது பொத்தலானால் இழப்பு உண்டு, இடர் பெரிதன்று. மட்கார்டோ வேறு வகை. ஓட்டுபவரின் இருபுறமும் சுழலும் ஆளுயரச் சக்கரங்களுக்கும் மனிதருக்கும் இடையே அது ஒன்றே காவல். மேலும், அதன்மீது ஆள் அமர்ந்து செல்லலாகாது என்று எவ்வளவுதான் எச்சரித்தாலும், களத்திற்கும் சந்தைக்கும் போகும் வழியில் யாரேனும் ஒருவர் அதன்மீது அமர்ந்திருப்பதை ஊர்ப்புறச் சாலைகளில் காணலாம். சில வேளை அது ஒரு சிறுவனாகவும் இருக்கும். அந்தத் தகட்டைத் தாங்கும் வளையும் திருகும் உளுத்திருந்தால், அவன் விழும் இடம் சக்கரத்தின் வழியாகும்.

வேலையின் ஒழுங்கு

நேர்மையான தகட்டு வேலை, சுரண்டுவதில் தொடங்குகிறது. பழைய வண்ணத்தை நீக்கித் தகட்டின் உண்மை நிலையை வெளிக்கொணர வேண்டும். கூர்முனைச் சுத்தியால் மெல்லத் தட்டினால், உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும், அல்லது முனை உள்ளே இறங்கிவிடும். துரு பெரும்பாலும் மடிப்பின் உட்புறத்தில், சேறு ஒட்டி உலராமல் கிடக்கும் இடத்தில் தோன்றுகிறது. வெளியே ஒரு காசளவு கொப்புளம் தெரிந்தால், உள்ளே ஒரு கையகலம் போயிருக்கக் கூடும். எனவே நல்ல இரும்பு தென்படும் வரையில் வெட்டிக்கொண்டே செல்ல வேண்டும். அட்டையில் அளவெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டை வெட்டிப் பொருத்தி, ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக இடம்விட்டு, ஆறவிட்டு வைக்க வேண்டும். அவசரப்பட்டால் சூட்டினால் தகடு முழுவதும் நெளிந்துவிடும்.

விரிசலுக்கு ஒரு முறை உண்டு. அது முடியும் இடத்தைக் கண்டறிந்து, அவ்விடத்தில் சிறு துளை ஒன்றைப் போடுவர். விரிசலின் கூர்முனையில்தான் அதிர்வின் அழுத்தம் முழுதும் குவிகிறது. வட்டத் துளையில் அது பரவிப் போவதால் விரிசல் மேலும் ஓடாது. இதனைச் செய்யாமல் மேலே பற்றவைத்தால், அடுத்த பருவத்தில் பற்றுக்கு அப்பால் விரிசல் தொடரும். உடைவை நிறுத்துவதற்காக மற்றொரு ஓட்டையைப் போடும் துணிவு, உடைவு எங்கே முடிகிறது என்று பார்த்தவனுக்கே வரும்.

ஒடுக்கு எடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. தகட்டில் அடி விழும்போது முதலில் நடுவில் குழி விழுகிறது. பிறகு சுற்றிலும் மேடுகள் எழுகின்றன. எடுக்கும்போது கடைசியில் விழுந்ததை முதலில் எடுக்க வேண்டும். உட்புறம் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, வெளிப்புற மேட்டைச் சிறுசிறு அடிகளாகத் தணித்துக்கொண்டே வந்தால், நடுக்குழி பெரும்பகுதி தானே எழும். பழக்கமில்லாதவன் குழியின் அடி ஆழத்தையே குறிவைத்து ஓங்கி அடிப்பான். குழி எழும், ஆனால் தகடு விரிந்து, மீண்டும் ஒருபோதும் சமனாகாமல் டப்பாவின் மூடிபோல் உள்ளும் புறமுமாகத் துள்ளிக்கொண்டிருக்கும்.

பட்டி என்னும் எளிய வழி

இத்தனை உழைப்பையும் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. உளுத்த இடத்தின்மீது பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டால், மூன்று நாள் வேலை அரை நாளில் முடிந்துவிடும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. உண்மையில் பட்டி போட்ட வண்டியே பளபளப்பு மிகுந்திருக்கும். ஆனால் துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பல மடங்கு இடங்கொள்வது. மூடிய இடத்திற்குள் அது நிற்காமல் வளர்ந்து, பட்டியை உப்பச் செய்து, ஓரிரு மழைக்காலங்களில் பெயர்த்துத் தள்ளிவிடும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்.

விவரமறிந்தோர் பழைய வண்டி வாங்கச் செல்லும்போது சட்டைப்பையில் சிறு காந்தம் ஒன்றை வைத்திருப்பர். இரும்பின்மீது பற்றும் காந்தம், கனத்த பட்டியின்மீது பற்றாமல் நழுவும். கண்ணை ஏமாற்றிய வண்ணம் காந்தத்தை ஏமாற்றுவதில்லை. ஆனால் காந்தத்தோடு வருபவர் எத்தனை பேர்?

பட்டியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. செம்மையாகப் பற்றவைத்துத் தட்டிய தகட்டின்மீது எஞ்சும் சிறு மேடுபள்ளத்தை நிரப்புவதற்கே அது தோன்றியது. அங்கே அது நேர்மையான பொருள். வண்ணமும் அவ்வாறே, அழகு செய்வதோடு இரும்பைக் காற்றினின்றும் நீரினின்றும் காக்கிறது. காயத்தின் தழும்பை ஊரறியக் காட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று கூறுவோரோடு நான் உடன்படவில்லை. ஆறிய புண்ணை ஆடையால் மூடுவது நாகரிகம். ஆறாத புண்ணை மூடி, அதன்மீது பிறர் பாரத்தை ஏற்றச் சொல்வதே குற்றம். ஒரே பட்டி, அடியில் இருப்பது எது என்பதைப் பொறுத்து ஒழுக்கமாகவும் வஞ்சனையாகவும் ஆகிறது.

மூன்று மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் எழக்கூடும். முதல் மறுப்பு பட்டறைத் தொழிலாளியுடையது. 'உரிமையாளர் கேட்டதை நான் செய்கிறேன். அடியில் துரு இருப்பது அவருக்குத் தெரியும். நான் மறுத்தால் அடுத்த கடைக்காரன் செய்வான். என் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.' இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. வயிற்றுப்பாட்டிற்கு அஞ்சாதவர்கள் பிறருக்கு அறநெறி புகட்டுதல் எளிது. ஆயினும், 'நான் இல்லாவிட்டால் வேறொருவன்' என்னும் வாதம் எந்தச் செயலுக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதனையும் நியாயப்படுத்த இயலாது. அத்தொழிலாளிக்கு நடைமுறையில் இயன்ற ஒரு வழி உண்டு. பானெட்டில் பட்டி போடச் சொன்னால் போடட்டும். அது பணத்தைப் பற்றிய செய்தி. மட்கார்டின் தாங்கிலும், ஏறும் படியிலும் போடச் சொன்னால் மறுக்கட்டும். அது உயிரைப் பற்றிய செய்தி. பானெட்டிற்கும், 'தகடு மாற்றவில்லை. பட்டி மட்டும்' என்று ரசீதில் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். அவ்வரியைக் கிழித்தெறிபவன் யாரோ, பொய் அவனைச் சேரும்.

இரண்டாவது மறுப்பு விற்பவனுடையது. அவனும் பணக்காரன் அல்லன். மகள் திருமணத்திற்கோ கடனை அடைப்பதற்கோ வண்டியை விற்கிறான். உள்ளதைச் சொன்னால் விலை இறங்கும். அந்த இழப்பை அவன் ஏன் ஏற்க வேண்டும்? இவ்விடத்தில் நாம் நினைவிற் கொள்ள வேண்டியது, மறைத்தலால் இழப்பு மறைவதில்லை என்பதே. அது இடம் பெயர்கிறது. புதிய டிராக்டரை நிலம் மிக்கவர் வாங்குகிறார். இரண்டாம் கையாக நடுத்தர விவசாயி வாங்குகிறார். மூன்றாம், நான்காம் கையாக அது சிறு விவசாயியிடம் வந்து சேர்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு பூச்சு ஏறுகிறது. ஒவ்வொரு படியிலும் துரு ஆழ்கிறது. தாங்குவதற்கு வலிமை குன்றியவன் தலையிலேயே இழப்பு முழுதும் இறுதியில் விழுகிறது. தன் வறுமையைச் சொல்லி மறைப்பவன், தன்னினும் வறியவனுக்கு அதனை அனுப்பி வைக்கிறான்.

மூன்றாவது மறுப்பு சற்று நுட்பமானது. தீங்கற்ற நலன் விளையுமாயின் உண்மையல்லாத சொல்லுக்கும் இடமுண்டு என்று திருவள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் விலக்கு அளித்திருக்கிறாரே என்பர். அளித்திருக்கிறார்; அதற்கு விதித்த நிபந்தனையையும் நோக்க வேண்டும். விளையும் நலன் களங்கமற்றதாக இருத்தல் வேண்டும். பூசி மறைப்பதால் விளையும் நலன் யாரைச் சேர்கிறது? சொல்பவனை. கேட்பவனுக்குக் கிடைப்பது இடர். ஆதலின் அந்த விலக்கு இவ்விடத்திற்கு உதவாது.

திருத்தமும் தடயமும்

மறைக்காமல் திருத்துவது எங்ஙனம் என்பதற்கு அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர் நாள்தோறும் கையாளும் ஒரு விதி நல்ல எடுத்துக்காட்டு. பணிப் பதிவேட்டில் ஒரு பதிவு தவறாகிவிட்டால் அதனைச் சுரண்டி அழித்தல் கூடாது. எழுத்தின்மேல் எழுத்தும் எழுதலாகாது. பழையது படிக்கக் கூடிய நிலையிலேயே இருக்க, ஒரு கோட்டினால் அடித்து, சரியானதை எழுதி, பொறுப்புள்ள அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு இது அழகற்றதாகத் தோன்றும். முப்பதாண்டு கழித்து ஒருவருடைய ஓய்வூதியம் அந்த வரியின்மீது நிற்கும்போதுதான், அடித்த கோட்டின் அருமை விளங்கும். அழித்த இடத்தைக் காண்பவன் எதனையும் நம்பான்; அடித்த இடத்தைக் காண்பவன் மற்ற இடங்களையும் நம்புவான்.

இவ்விதி வெள்ளையர் கொண்டு வந்தது என்று எண்ண வேண்டா. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் முதலிய கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்த காலத்தில், பழைய கற்களில் இருந்த அறக்கொடைகளைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். அங்ஙனம் வெட்டும்போது, இது பழங்கல்லின் படி என்பதையும் குறித்து வைத்தனர். கோயில் முழுவதும் புதிதாயிற்று. அது புதிது என்பதும், முன்பு ஒன்று இருந்தது என்பதும் மறைக்கப்படவில்லை. விளக்கெரிக்கப் பொன் கொடுத்த முன்னோனின் உரிமை அந்தக் குறிப்பினால் பிழைத்தது.

அதே வண்டிதானா?

இங்கே மற்றொரு பழைய வினா எழுகிறது. பானெட்டை மாற்றி, மட்கார்டை மாற்றி, பின்னர் எஞ்சினின் உறுப்புகளையும் ஒவ்வொன்றாக மாற்றிய பிறகு, இது அதே டிராக்டர்தானா? கிரேக்க நாட்டு ஆசிரியர் புளூட்டார்க், தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றிக் கூறுகிறார். ஏதென்ஸ் நகரத்தார் அதன் உளுத்த பலகைகளை நீக்கிப் புதுப் பலகைகளைப் பொருத்திப் பாதுகாத்து வந்தனராம். அது அதே கப்பல் என்று ஒரு சாராரும், அன்று என்று மற்றொரு சாராரும் வாதிட்டனராம். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ், கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று கேட்டு, முடிச்சை மேலும் இறுக்கினார்.

போக்குவரத்து அலுவலகம் இதற்குச் சுருக்கமான விடை வைத்திருக்கிறது: சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருந்தால் அதே வண்டி. உழவனின் விடை வேறு. அவன் தந்தை ஓட்டியது, இன்ன வயலை முதன்முதலில் உழுதது, இன்ன ஆண்டு வெள்ளத்தில் நின்றது என்று அவன் சொல்வான். எனக்கு உழவனின் விடையே நிறைவளிக்கிறது. மாற்றங்கள் ஒவ்வொன்றாக, ஒரு தேவையின் பொருட்டு, அறிந்த ஒருவரின் கண்முன் நிகழ்ந்திருந்தால், பொருள் மாறினும் தொடர்ச்சி அறுபடுவதில்லை. எது எப்போது மாறியது என்று சொல்ல ஒருவரும் இல்லாதபோதே அது வேற்று வண்டியாகிறது.

பழுது பார்த்தலுக்கு எல்லையும் உண்டு என்பதை மறுக்கலாகாது. 'பழுது பார்த்தல் சிக்கனமாகாது' என்று கோப்பில் எழுதிக் கழிக்கும் நிலை எப்பொருளுக்கும் ஒரு நாள் வரும். நல்ல இரும்பைத் தேடி வெட்டிக்கொண்டே போய், பற்றவைக்க ஓர் ஓரம்கூட எஞ்சாவிடில், கழிப்பதே நேர்மை. ஒட்டுவதற்கும் ஏதேனும் ஓர் உறுதியான விளிம்பு வேண்டும்.

நம் இல்லங்களில்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்றோர்க்கு இவ்வினா இரும்போடு முடிவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ ஊருக்குப் போகிறோம். பாகப்பிரிவினையில் மனம் கசந்த அண்ணன் தம்பியர், பந்தியில் அருகருகே அமர்ந்து சிரித்துப் பேசுகின்றனர். மூன்று நாள் விடுப்பில் அதற்கு மேல் முடியாது என்று பட்டி பார்த்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறோம். தந்தையார் நோயுற்று, அவரை யார் வைத்துப் பார்ப்பது என்னும் பாரம் அந்த உறவின்மீது இறங்கும்போது, பூச்சு பெயர்ந்து விழுகிறது. பானெட்டுப் போன்ற உறவுகளுக்குப் பூச்சுப் போதும். அயலாரோடும் தூரத்து உறவினரோடும் இன்சொல் பேசி அமைவதில் தவறில்லை. பாரம் தாங்க வேண்டிய உறவுகளுக்கு அது போதாது.

அவற்றைச் சீர்செய்யப் புகுவோர்க்கும் தகட்டுத் தொழிலாளியின் வரிசையே பொருந்தும் எனத் தோன்றுகிறது. இருபது ஆண்டுக்கு முந்திய அடிப்படைக் குற்றத்தையே முதலில் குறிவைத்து ஓங்கி அடிப்போர், உறவை விரித்துக் கெடுத்துவிடுகின்றனர். கடைசியாக எழுந்த மேட்டை, அதாவது எழுதப்படாத கடிதத்தை, விடுபட்ட ஓர் அழைப்பை, சென்ற ஆண்டு சொன்ன ஒரு கடுஞ்சொல்லை முதலில் தணிக்கலாம். உள்ளிருந்து ஒரு கை அணைத்துப் பிடித்திருக்க, வெளியிலிருந்து சிறுசிறு அடியாகத் தட்டினால், நடுவிலுள்ள குழியும் காலப்போக்கில் எழக்கூடும். எழாவிடினும் மேலும் ஆழாது.

நம் பிள்ளைகள் பேசும் தமிழைப் பற்றியும் இவ்வாறே எண்ணுகிறேன். இடையிடையே இந்திச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒட்டுத் தகடுகளாக ஏறியிருக்கின்றன. அவற்றைக் கண்டு வருந்துவோரும் உளர். ஒன்றுமே நேரவில்லை என்று விழா மேடையில் மனப்பாடச் செய்யுளால் மூடுவோரும் உளர். எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அவ்விடத்தில் முன்பு இருந்த சொல் எது என்று பிள்ளைக்கு வீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும் வரையில், அது அதே மொழிதான். ஒட்டைக் குறித்து நாணுவதற்கில்லை. ஒட்டின் அடியில் இருப்பது இரும்பா துருவா என்று சுரண்டிப் பார்க்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. அதனைப் பிறர் நமக்காகப் பார்க்க மாட்டார்கள்.